மாலை போட்டுக்கொண்ட பேட்ஜ்

சங்கீதா டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. எக்ஸ்ரே அறையை ஒட்டி, ஈயம் வைத்துத் தைத்த கனமான ஏப்ரன்கள் தொங்கும் ஒரு சின்ன அறை. அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பாக்ஸின் மூடிமேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தாள். உள்ளே எலுமிச்சை சாதம் என்பது வாசனையிலேயே தெரிந்தது. எதிரில் நான், கையில் ஹெல்மெட்டோடு. கேம்ப் ரோடு நெரிசலில் ஸ்கூட்டர் ஓட்டி வந்த வியர்வை இன்னும் அடங்கவில்லை.

“புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க மேடம். எனக்கு அது போதும்.”

சங்கீதா அந்த ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கும் டெக்னீஷியன். பல வருடம் கோயில், டாக்டர் என்று அலைந்து, இனி அவ்வளவுதான் என்று வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திய பிறகு தரித்த கரு. இப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம் தொடங்கியிருந்தது. அன்று காலைதான், கதிர்வீச்சை அளக்கும் அவளுடைய பேட்ஜின் முடிவு வந்தது. ஒரு வருடம் முழுவதற்கும் அனுமதித்த அளவையே அது தாண்டியிருந்தது.

ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட எவ்வளவு நேரமாகும்? வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அது எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லி அவளைச் சாப்பிட வைக்க எனக்கு மனம் வரவில்லை.

“முதல்ல சாப்பிடு. எனக்குக் கொஞ்சம் டைம் குடு. தெரிஞ்சதையும் சொல்றேன், தெரியாததையும் சொல்றேன்” என்றேன்.

அவள் சாப்பிடவில்லை. வீட்டுக்குப் போனபிறகு எனக்கும் சோறு இறங்கவில்லை.

சட்டையில் ஒரு சாட்சி

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பிழைப்பு கதிர்வீச்சுப் பாதுகாப்பு. தாம்பரத்தைச் சுற்றியுள்ள சில ஸ்கேன் சென்டர்கள், சிறிய ஆஸ்பத்திரிகள், திருமுடிவாக்கத்தில் வெல்டிங் சரியாக விழுந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் ஒன்றிரண்டு பட்டறைகள், இவைதான் என் ராஜ்ஜியம். சுவர் போதுமான கனமா, கதவு ஒழுங்காக மூடுகிறதா, உள்ளே வேலை செய்கிறவர் மேல் எவ்வளவு படுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது என் வேலை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலிலும் என்னை விடமாட்டார்கள். செருப்பைத் தேடும் நேரத்தில் யாராவது பக்கத்தில் வந்து, மைக்ரோவேவ் வாங்கலாமா சிஸ்டர், போனைத் தலையணைக்குக் கீழே வைக்கலாமா சிஸ்டர் என்பார்கள். நான் நீளமாகப் பதில் சொல்ல ஆரம்பித்ததும் அவர்களுக்கு பஸ் வந்துவிடும்.

பேட்ஜ் என்பது கதிர்வீச்சுக்கு நடுவே வேலை செய்கிறவர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. அடையாள அட்டை மாதிரி இருக்கும். உள்ளே இருக்கும் சில்லுகள் தங்கள்மேல் படும் கதிர்வீச்சைச் சேர்த்துவைத்துக்கொள்ளும். சில மாதங்களுக்கு ஒருமுறை அதைக் கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்பினால், மொத்தம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். எப்போது பட்டது, எங்கே பட்டது, பேட்ஜ் அப்போது யார் சட்டையில் இருந்தது என்றெல்லாம் அதற்குத் தெரியாது.

சங்கீதா கர்ப்பம் என்பது சென்டரில் யாருக்கும் முதலில் தெரியாது. மூன்று மாதம் முடியும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது, கண் பட்டுவிடும் என்பது அவள் மாமியாரின் கண்டிப்பு. சொன்ன அன்றே அவளை ரிசப்ஷனுக்கு மாற்றியாகிவிட்டது. ஆனால் முடிவு வந்திருப்பது அதற்கு முந்தைய மாதங்களுக்கு.

வாழைப்பழம் பட்ட பாடு

பல வருடங்களுக்கு முன் சேலையூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் எக்ஸ்ரே வைக்கக் கூடாது என்று குடியிருப்போர் கிளம்பிவிட்டார்கள். மொட்டை மாடியில் ஷாமியானா போட்டுக் கூட்டம். சமாதானம் செய்ய ஒரு பேச்சாளரைக் கூட்டி வந்தார்கள். நல்ல மனிதர், நன்றாகப் படித்தவர். கதிர்வீச்சு எங்கேதான் இல்லை, நீங்கள் தினம் சாப்பிடும் வாழைப்பழத்தில்கூட இருக்கிறது என்று கைதட்டலை எதிர்பார்த்து நிறுத்தினார்.

கைதட்டல் வரவில்லை. மறுநாளிலிருந்து அந்தக் குடியிருப்புப் பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் வாழைப்பழம் நின்றுபோனது. வாசலில் தள்ளுவண்டி வைத்திருந்தவர் வேறு தெருவுக்குப் போனார். எக்ஸ்ரேயும் வரவில்லை.

பயந்தவரிடம் ‘இதற்கே பயப்படுகிறாயே, அதற்கு ஏன் பயப்படவில்லை’ என்று கேட்டால் அவர் இரண்டுக்கும் பயப்பட ஆரம்பிப்பார். அன்றிலிருந்து எனக்கு ஒப்பீடு சொல்லித் தேற்றுகிறவர்களைக் கண்டால் ஆகாது. சங்கீதாவிடம் வாழைப்பழத்தை எடுக்கக் கூடாது என்பதில் மட்டும் தெளிவாக இருந்தேன்.

பொட்டு, பூ, பொரி

முதலில் மெஷினைச் சந்தேகப்பட்டேன். கருவியை எடுத்துக்கொண்டு அறையின் சுவர், கதவு, பட்டன் அமுக்கும் இடம் எல்லாவற்றையும் அளந்தேன். எங்கேயும் கசிவில்லை. அதே அறையில் அதே வேலையைப் பங்கிட்டுச் செய்யும் ஆரோக்கியத்தின் பேட்ஜில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அப்படியானால் இவளுக்கு மட்டும் எங்கிருந்து?

ஆரோக்கியம் டீ வாங்கிக்கொண்டு வந்தான். தாய்மைச் செய்தியைக் கேட்டு இவளுக்காக வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கொண்டவன் அவன். வருத்தத்தில் இருந்தான். சங்கீதா அக்கா எவ்வளவு சந்தோஷமாக இருந்தாங்க தெரியுமா மேடம் என்று போனில் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினான். அதில் ஆயுத பூஜைப் படம் வந்தது.

ஆயுத பூஜை அன்று எங்கள் பகுதியில் சும்மா நிற்கும் இரும்பே கிடையாது. லேத்துக்கும் பொட்டு, லாரிக்கும் பொட்டு, கம்ப்யூட்டர் கீபோர்டுக்கும் பொட்டு. நான் போகிற இடமெல்லாம் பொரியும் கடலையும் கட்டிக் கொடுத்து ஸ்கூட்டர் டிக்கி நிரம்பிவிடும். எங்கள் கிறிஸ்தவ வீட்டில் ஒரு வாரத்துக்கு மாலைச் சிற்றுண்டி அதுதான்.

படத்தில் எக்ஸ்ரே மெஷின் மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றது. நெற்றியில் சந்தனம், குங்குமம். கதிர் வெளியே வரும் வாய்க்கு மேலே சாமந்தி மாலை. மாலையின் தொங்கும் நுனியில், பூவோடு பூவாக, க்ளிப் போட்டு மாட்டிய ஒரு பேட்ஜ். அதற்கும் ஒரு பொட்டு.

சங்கீதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு ஞாபகம் வந்தது. “வருஷம் முழுக்க நம்மளக் காப்பாத்துற பொருள் மேடம். மெஷினுக்கு வெச்சுட்டு அதை விட்டா பாவம் இல்லையா?” மறுநாள் விஜயதசமியன்று அவள் மதுராந்தகத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது பேட்ஜ் மேஜையில் இருந்தது, எடுத்துக் குத்திக்கொண்டாள். மாலையை எப்போது கழற்றினாய் என்று ஆரோக்கியத்தைக் கேட்டேன். மறுநாள் என்றான். கொஞ்சம் யோசித்து, பூ காய்ந்த பிறகுதான் என்றான். பூ எப்போது காய்ந்தது என்பது அவனுக்கு ஞாபகமில்லை.

அந்த நாட்களில் எடுத்த எக்ஸ்ரே படங்களில் பெரும்பாலானவற்றை கம்ப்யூட்டர் இடம் போதாமல் அழித்துவிட்டிருந்தது. மிச்சமிருந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். யாரோ ஒரு அம்மாளின் முதுகெலும்புப் படத்தின் மூலையில், பேட்ஜை மாட்டும் முதலை க்ளிப்பின் நிழல் விழுந்திருந்தது. ரிப்போர்ட் எழுதிய டாக்டர் ஏதோ நைட்டி ஹூக் என்று விட்டிருக்கிறார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சங்கீதா சிரிக்கவில்லை.

“அப்போ எல்லாமே மாலையிலதான் பட்டுச்சா மேடம்? எம்மேல படலையா?”

நூறு சதவீதம்

அங்கேதான் சிக்கல். மாலையில் பட்டிருக்கிறது என்பதற்குச் சாட்சி கிடைத்துவிட்டது. எல்லாமே அங்கேதான் பட்டதா என்பதற்குக் கிடைக்கவில்லை.

அதனால் ஒரு கோமாளித்தனம் செய்தேன். சேலையூர் பூக்கடையில் அதே அளவு சாமந்தி மாலை கேட்டேன். இன்னா விசேஷம் என்று பூக்கார அம்மா கேட்டதற்கு, மெஷினுக்கு என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மாலையை அதே இடத்தில் போட்டு, பேட்ஜுக்குப் பதில் என் அளவுகருவியைத் தொங்கவிட்டு, ஆளில்லாமல் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். மாலை நேராகத் தொங்கினால் கருவி எகிறியது. ஃபேன் காற்றில் கொஞ்சம் விலகினால் ஒன்றுமே இல்லை. அந்த முடிவு மாலையிலிருந்து வந்திருக்கத் தாராளமாக இடமுண்டு என்று தெரிந்தது. அதற்குமேல் சாமந்திக்குச் சொல்லத் தெரியவில்லை.

சென்டரை நடத்தும் டாக்டர் நல்லவர். சங்கீதாவைத் தன் வீட்டுப் பெண்போல நடத்துகிறவர். எல்லாம் மாலையில் பட்டதுதான், குழந்தைக்கு நூறு சதவீதம் பாதிப்பில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்றார். எண்பது சொல்லலாம், தொண்ணூறு சொல்லலாம், நூறு மட்டும் என்னால் முடியாது டாக்டர் என்றேன்.

“நீங்க ‘தெரியல’ன்னு சொல்றீங்க. அவங்க காதுல ‘கேன்சர்’னு விழும். அத யோசிச்சீங்களா?”

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் வந்த கோபம். நான் உண்மையைச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விடலாம். அவள் பொழிச்சலூர் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போகவேண்டும். அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே, கலைத்துவிட்டு அடுத்ததைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மாமியாரிடம் ஓத ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்தது வருமா என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை.

ஃப்ரிட்ஜ் நிற்கும் இடம்

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து நேராக பொழிச்சலூர் போனேன். ஆற்றிலிருந்து சில தெருக்கள் தள்ளி அவர்கள் வீடு. ஊரில் பழைய குடும்பம். முன்னால் நிலம் இருந்த இடத்தில் இப்போது வாடகைக்கு விட்ட போர்ஷன்கள். சங்கீதாவின் கணவன் முரளி திருமுடிவாக்கத்தில் ஒரு இன்ஜினியரிங் பட்டறையில் இரும்பு கடையும் லேத் ஓட்டுகிறான். முரளியின் அம்மா என் கையில் காபியைக் கொடுத்துவிட்டு, நான் குடிப்பதற்காகக் காத்திருந்தார்.

அந்தக் கூடத்தில் முதலில் கண்ணில் பட்டது ஃப்ரிட்ஜ்தான். இடுப்பு உயரத்துக்கு ஹாலோ பிளாக் கல் அடுக்கி, அதன்மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். ஒரு பால் பாக்கெட் எடுக்கவும் ஸ்டூல் போட்டு ஏறவேண்டும். பெரிய வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததிலிருந்து அங்கே பல வீடுகளில் இந்தப் பழக்கம். ஐப்பசி பிறந்தால் ஏற்றிவிடுவார்கள், பொங்கல் கழித்து இறக்குவார்கள். இன்னும் இறக்கவில்லை.

நான் எனக்குத் தெரிந்ததிலிருந்து ஆரம்பித்தேன். பேட்ஜில் பட்டதில் பெரும்பகுதி மாலையில் தொங்கியபோது பட்டது என்று நான் நம்புகிறேன், அதற்குக் காரணங்கள் இவை என்றேன். சங்கீதாமேல் கொஞ்சமும் படவில்லை என்று சொல்ல என்னால் முடியாது என்றேன். ஒருவேளை மொத்தமும் அவள்மேலேயே விழுந்திருந்தாலும், கருவைக் கலைப்பதைப் பற்றி டாக்டர்கள் யோசிக்கிற அளவுக்குக் கீழேதான் இது இருக்கிறது என்றேன். இதை அவளுடைய பிரசவ டாக்டரிடமும் பேசிவிட்டுத்தான் வந்திருந்தேன். அவரும் அதையே சொன்னார்.

முரளி தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். “எங்க கம்பெனில ஒரு பீஸ் வந்தா பாஸ், இல்லன்னா ரிஜெக்ட். நடுவுல ஒண்ணும் கிடையாது மேடம். இது எதுன்னு சொல்லிடுங்க.”

“டிராயிங்ல டாலரன்ஸ்னு, இவ்வளவு கூடலாம் குறையலாம்னு போட்டிருப்பாங்க இல்ல?”

“போட்டிருப்பாங்க. சொன்ன அளவுல அப்படியே எந்த மெஷினும் கடைஞ்சு குடுக்காது.”

“இது டாலரன்ஸுக்கு உள்ளதான் இருக்கு முரளி. ஆனா டாலரன்ஸுக்கு உள்ள இருக்கிற ஒவ்வொரு பீஸும் ஆயுசுக்கும் ஓடும்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?”

“குடுக்க மாட்டோம்” என்றான்.

முரளியின் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. “இன்னாம்மா, சுத்திச் சுத்திப் பேசறீங்கோ. ஆபத்து கீதா, இல்லியா?”

நான் காபியைக் கீழே வைத்தேன். எந்தக் கர்ப்பத்திலும் கொஞ்சம் ஆபத்து உண்டு, எக்ஸ்ரே அறையை எட்டிக்கூடப் பார்க்காதவர்களுக்கும் உண்டு என்றேன். “இந்த பேட்ஜ் விஷயம் அதுல ஒண்ணுமே சேர்க்காம இருக்கலாம்மா. ஒரு துளி சேர்த்திருக்கலாம். அந்தத் துளிய யாராலயும் தனியாப் பிரிச்சுக் காட்ட முடியாது. என்னாலயும் முடியாது. பொய் சொல்லிட்டுப் போறது சுலபம். நாளைக்குப் புள்ளைக்கு ஒரு ஜுரம் வந்தாலும் உங்க மருமக என்னை நம்பாது, தன்னையே திட்டிக்கும்.”

மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் ஒன்று கூரையை உரசுவதுபோலப் போனது. அது போகும்வரை யாரும் பேசவில்லை. அந்த வீட்டில் பேச்சு எப்போதும் அப்படித்தான், விமானத்துக்கு வழி விட்டுத்தான் தொடரும்.

சத்தம் அடங்கியதும் சங்கீதா பேசினாள். அதுவரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள்.

“அத்தை, வருஷா வருஷம் ஃப்ரிட்ஜ மேல ஏத்துறோமே. தண்ணி வரும்னு தெரிஞ்சா ஏத்துறோம்?”

“யாரு கண்டா. வராட்டி நல்லது. வந்துட்டா இன்னா பண்றது?”

“வரும்னு பயந்து வூட்ட வித்துட்டா போனோம்?”

முரளியின் அம்மா ஃப்ரிட்ஜைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

“டாக்டர் சொல்ற ஸ்கேன் எல்லாம் எடுத்துக்கிறேன். சொல்ற செக்கப்புக்கெல்லாம் போறேன். எனக்கு இந்தப் புள்ள வேணும் அத்தை.” சங்கீதா குரலை உயர்த்தவில்லை.

நான் இத்தனை வருடம் வகுப்பெடுத்திருக்கிறேன். கரும்பலகை, படம், வரைபடம் எல்லாம் போட்டிருக்கிறேன். தெரியாத ஒன்றோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. வானிலை அறிக்கையில் ‘மழைக்கு வாய்ப்பு’ என்று வந்தால் திட்டிக்கொண்டே துணியை எடுத்து உள்ளே போடுகிற ஊர் இது. நான் அவர்களை நம்பாமல் ஒரு வாரம் பயந்திருக்கிறேன்.

கிளம்பும்போது முரளி வாசல்வரை வந்தான். ஸ்கூட்டரைத் தெருப்பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு, அம்மா இனி யார் பேச்சையும் கேட்காது மேடம் என்றான்.

ஆனி மாதம்

பெண் குழந்தை. நல்ல எடை, நல்ல குரல். டாக்டர் சொன்ன எல்லாச் சோதனையும் சரியாக இருந்தது என்று முரளி போனில் சொன்னபோது, நான் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறை வாசலில் நின்றிருந்தேன். உள்ளே மெஷின் சத்தத்தில் பாதிதான் கேட்டது. கேட்ட பாதியே போதுமாக இருந்தது.

பேர் வைத்த பிறகு ஒரு நாள் பார்க்கப் போனேன். ஃப்ரிட்ஜ் தரையில் இருந்தது. சங்கீதா சமையலறையில் இருந்தாள். முரளியின் அம்மா குழந்தையைக் கால்மேல் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாங்க என்று சொல்லிவிட்டு, சுற்றிலும் பார்த்துக்கொண்டு குழந்தையை மெல்லப் புரட்டினார். இடது தோளுக்குக் கீழே, புளியங்கொட்டை அளவில், காபிப்பொடி நிறத்தில் ஒரு மச்சம்.

“ஏம்மா,” என்று குரலைத் தாழ்த்தினார். “இது அத்தால வந்ததா இருக்குமா?”

அந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்று எனக்குத் தெரியும். இந்த மாதிரி மச்சத்தோடு எத்தனையோ குழந்தைகள் பிறக்கின்றன, இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக நான் எங்கும் படித்ததில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சங்கீதா தட்டோடு வந்துவிட்டாள்.

“மேடம்தான் அன்னிக்கே சொன்னாங்களே அத்தை. எது எதால வந்துதுன்னு எல்லாத்தையும் பிரிச்சுச் சொல்ல முடியாது. எனக்கு அதால இருக்காதுன்னுதான் தோணுது.” தட்டை என்முன் வைத்துவிட்டு, குழந்தையின் மச்சத்தை விரலால் துடைத்தாள். “உங்க புள்ள முதுகுலயும் இதே மாதிரி ஒண்ணு கீதே. அவருக்கு யாரு எக்ஸ்ரே எடுத்தாங்க?”

முரளியின் அம்மா மச்சத்தை ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார். எண்ணெய்க் கையால் பேத்தியின் தோளைத் தட்டி, அப்பன் சொத்துடி இது என்றார்.

நானும் ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தேன். சங்கீதா விடவில்லை.

“முதல்ல சாப்பிடுங்க மேடம்” என்றாள்.

எலுமிச்சை சாதம். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.